அபூர்வ குட்டைத் தக்காளி: மட்டக்களப்பு வெயிலில் வாளியில் காய்க்குமா?

வாவிக்கரை (கல்லடி)

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குக் கீழே நிலமில்லை, மேலே தட்டையான கொங்கிரீட் கூரை மட்டும்தான். கத்தரி, பச்சை மிளகாய், பசளி எல்லாம் பெயின்ட் வாளியில் நன்றாகவே வருகின்றன. தக்காளிதான் தொல்லை. ஆளுயரம் போகிறது, கம்பு கட்டினாலும் கச்சான் காற்று அடிக்கிற நாளில் வாளியோடு சரிகிறது. அவுஸ்திரேலியாவில் பேர்த்தில் இருக்கும் சித்தி தன் வீட்டுத் தக்காளிப் படங்களை அனுப்பினா. இடுப்பளவு உயரம், தண்டு விரல் மொத்தம், பழமோ கைநிறைய, கருஞ்சிவப்பாக. பெயர் ரொசெல்லா பேர்ப்பிளாம். "உனக்கும் விதை அனுப்பட்டா" என்று கேட்கிறா.

இந்த மாதிரி குட்டை இனங்களை நம்மட பக்கம் யாராவது வளர்த்திருக்கிறீர்களா? என்ன அளவு வாளி வேணும்? எப்போது விதைப்பது? இந்த வெயிலுக்குக் காய்க்குமா, இல்லை செடி மட்டும் அழகாக நிற்குமா?

கறுப்புத் தக்காளி (அக்கரைப்பற்று)

வாங்க தங்கச்சி, சரியான ஆட்களிடம்தான் வந்திருக்கிறீங்க. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். உயரம் குறைந்த தக்காளி எல்லாமே குட்டை இனம் இல்லை.

கடை விதையில் நிறைய, ஓரளவு வளர்ந்ததும் நுனியில் பூங்கொத்தோடு நின்றுவிடும் வகை. ஒரே சுற்றாகக் காய்த்துத் தந்துவிட்டு ஓய்ந்துவிடும். அதை ஆளுகிற மரபணு வேறு. உண்மையான குட்டை இனத்தில் பிராசினோஸ்டீரொய்ட் என்ற வளர்ச்சி ஹோர்மோன் சரியாக உருவாகாதபடி ஒரு மரபணு பழுதாகியிருக்கிறது. அதனால் கணுவுக்குக் கணு இடைவெளி குறைவு, தண்டு மொத்தம், இலை கரும்பச்சையாகச் சுருங்கி முரடாக இருக்கும். ஆனால் வளர்ச்சி நிற்காது. மெல்ல மெல்ல வளர்ந்துகொண்டே பல மாதம் காய்க்கும். இரண்டரை அடி முதல் நாலடி, அவ்வளவுதான்.

மூன்றாவது வகை நுண்குட்டை. சாண் உயரமோ ஒரு முழமோதான் வரும். நியூ ஹம்ப்ஷயர் பல்கலைக்கழகம் 1945இல் வெளியிட்ட டைனி டிம், புளோரிடாவில் 1989இல் வெளிவந்த மைக்ரோ டொம் எல்லாம் இதில் சேரும். மைக்ரோ டொம்மை உலகம் முழுக்க ஆய்வுகூடங்களில் வைத்திருக்கிறார்கள், சின்னச் சட்டியில் சீக்கிரம் காய்ப்பதால். பார்க்க ஆசையாக இருக்கும். ருசியைப் பற்றிக் கேட்காதீங்க.

சித்தியிடம் இருப்பது இரண்டாவது வகை. அதற்கு நல்ல கதை ஒன்று இருக்கு. குட்டைத் தக்காளி 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பிரான்சில் உண்டு, ஆனால் நிறத்திலும் ருசியிலும் பெரிய தெரிவு இருக்கவில்லை. 2005, 2006 வாக்கில் அமெரிக்காவின் வட கரோலினாவில் கிரெய்க் லெஹூலியரும் அவுஸ்திரேலியாவில் பட்ரினா நஸ்கி ஸ்மோலும் சேர்ந்து, பழைய ருசியான உயர இனங்களைக் குட்டை இனங்களோடு மகரந்தக் கலப்புச் செய்யத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் குளிர்காலம் வந்தால் அவுஸ்திரேலியாவில் கோடை. விதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்ததால் வருஷத்துக்கு இரண்டு தலைமுறை எடுக்க முடிந்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் வீட்டுத்தோட்டக்காரர். இன்றைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் வந்துவிட்டன. டஸ்மேனியன் சொக்லட், ஸ்வீட் சூ, உலுரு ஓக்கர், வைல்ட் ஃப்ரெட், எமரல்ட் ஜயன்ட், பெரில் பியூட்டி... பெயரைப் படித்தாலே கை அரிக்கும்.

படுவான் வெள்ளாமை (கொக்கட்டிச்சோலைப் பக்கம்)

கை அரிப்பதை விடுங்கள், காலத்தைப் பார்ப்போம்.

பிள்ளை, "வெயிலுக்குக் காய்க்குமா" என்ற கேள்விதான் உங்கள் பதிவிலேயே முக்கியமானது. அதை விட்டுவிட்டு எல்லாரும் பெயர்ப் பட்டியலுக்குப் போய்விடுவார்கள். தக்காளிக்குப் பகல் சூடு ஓரளவு பரவாயில்லை, இரவுச் சூடுதான் எதிரி. இரவில் 21, 22 பாகைக்கு மேலே போகப் போக மகரந்தம் பழுதாகும், பிஞ்சு பிடிப்பது குறையும். பகலில் 32ஐத் தாண்டினால் இன்னும் மோசம். கடற்கரைப் பக்கம் வைகாசி, ஆனியில் இரவுகூட 25, 26 பாகைக்குக் கீழே இறங்காது, கச்சானும் சேர்ந்து அடிக்கும். அந்த நேரம் ரொசெல்லா ஆனாலென்ன ராணி ஆனாலென்ன, பூ மஞ்சளாகிக் காம்போடு விழும்.

நமக்கு ஒரு வாசல்தான் இருக்கு. மார்கழி முதல் மாசி வரை. அப்போதும் இரவு 23 பாகை அளவில்தான் நிற்கும், மலைநாட்டுக் குளிர் வராது. ஆனாலும் அது போதும். தைப்பொங்கலை ஒட்டிப் பூ வர வேண்டும், சித்திரை வருசத்துக்குள் பெரிய அறுவடை முடிய வேண்டும். அப்படிக் கணக்குப் பார்த்தால் ஐப்பசிக் கடைசியில் விதைக்க வேண்டும். அது மாரி மழை கொட்டத் தொடங்கும் நேரம். வயல்காரனுக்கு அந்த நேரம் தரையில் தக்காளி நட முடியாது. உங்களுக்கு வாளி இருக்கு, வீட்டு முகப்பு இருக்கு. குட்டை இனத்தின் உண்மையான லாபம் எனக்குத் தெரிந்து இதுதான்: தூக்கி உள்ளே வைக்கலாம். மழை விட்டால் வெளியே எடுக்கலாம். ஆளுயரச் செடியோடு இந்த வித்தை நடக்காது.

மருதமுனை மாடி

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. ஒரு சின்னச் சேர்க்கை. பூ விழுகிறது என்றதும் எல்லாரும் பசளையைக் கூட்டுவார்கள். அதற்கு முதல் மகரந்தம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். காலை ஒன்பது, பத்து மணிக்கு, ஈரம் காய்ந்த பிறகு, போனை அணைத்து அந்தக் கறுப்புத் திரையைப் பூவுக்குக் கீழே பிடித்து, காம்பில் விரலால் சுண்டுங்கள். மஞ்சள் தூள் மெலிதாகப் படிந்தால் செடி சரி, வெறும் உதவிதான் தேவை, தினமும் இப்படிச் சுண்டிவிட்டாலே பிஞ்சு பிடிக்கும். ஒன்றும் விழாவிட்டால் அது சூட்டின் வேலை. பூவை உற்றுப் பார்த்தால் நடுவிலிருக்கும் சூலகமுடி மஞ்சள் கூம்பைத் தாண்டி ஊசி முனை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதுவும் சூட்டின் அடையாளம்தான். அந்த நேரம் என்ன பசளை போட்டும் பயனில்லை, கிடுகோ நிழல்வலையோ போட்டு, கொங்கிரீட்டிலிருந்து வாளியை மரக்கட்டையில் உயர்த்தி வையுங்கள். நம்மட கூரைகள் இரவு எட்டு மணிக்கும் சுடும்.

வாளி அளவு: குட்டை இனத்துக்கு 20 லீற்றர் பெயின்ட் வாளி. அதற்குக் குறைத்தால் பகல் பன்னிரண்டுக்கே வாடும். நுண்குட்டைக்கு இரண்டு மூன்று லீற்றர் சட்டி போதும். அடியில் மட்டும் இல்லாமல் பக்கவாட்டில் இரண்டு அங்குலம் மேலேயும் துளை போடுங்கள், பூச்சாடித் தட்டில் தண்ணீர் தேங்கினாலும் வேர் மூச்சு விடும். கறுப்பு வாளி வேண்டாம், வெள்ளை நல்லது.

வாவிக்கரை (கல்லடி)

ஐயா, மருதமுனைக் காக்கா, ரொம்ப நன்றி. மண்ணுக்கு என்ன செய்வது? இங்கே தோண்டினால் கடல் மணல்தான். தும்புத்தூள் மூட்டை மலிவாகக் கிடைக்குது. அத்தோடு எங்கட கிணற்றுத் தண்ணீர் கோடையில் லேசாகச் சவர்க்கும்.

நிந்தவூர் ராத்தா

மகள், தும்புத்தூளை வாங்கினதும் ஒரு சிட்டிகை நாக்கில் வையுங்க. உப்புக் கரித்தால் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, பிறகும் ஊறவைத்துப் பிழியணும். மட்டையைச் சவர்த் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற இடங்களிலிருந்து வரும் தூளில் உப்பு ஏறியிருக்கும். தெரியாமல் போட்டால் இலை ஓரம் கருகும், ஆட்கள் பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பார்கள்.

நான் போடுவது: கழுவின தும்புத்தூள் பாதி, நன்றாக மக்கின கூட்டெரு கால் பங்கு, மிச்சம் உமிக்கரி. சம்மாந்துறைப் பக்கம் ரைஸ் மில்லில் உமி அள்ளிக்கொண்டு போகச் சொல்லியே தருவார்கள். சாம்பலாக்காமல், புகைய விட்டு, கறுத்ததும் தண்ணீர் தெளித்து அணைக்கணும். வெள்ளைச் சாம்பலானால் காரம் கூடிப்போகும். கோழியெரு போடுவதானால் ஆறு மாதம் மக்கினதுதான். பச்சைக் கோழியெருவில் தழைச்சத்து கூடி, செடி கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கும், காய் வராது. பூ வந்த பிறகு கிழமைக்கொருமுறை அல்பேர்ட் கலவை (தண்ணீரில் கரைத்து விடும் பசளை), பொதியில் போட்டிருக்கும் அளவில் பாதி போதும்.

சவர்த் தண்ணீர் விஷயத்தில் தக்காளி கொஞ்சம் பொறுக்கும், கொஞ்சம்தான். சுனாமிக்குப் பிறகு நம்மட கரையோரக் கிணறுகள் எப்படி உப்பாகிப் போனது என்று பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். லேசான சவர்ப்பில் பழம் சின்னதாகி இனிப்புக் கூடும், அது பொய்யில்லை. ஆனால் அதை நம்பி விளையாட வேண்டாம், பழத்தின் அடி கறுத்துப் போவதும் அதே உப்பால்தான் கூடும். மாரியில் கூரைப் பீலித் தண்ணீரை ட்ரம்மில் பிடித்து வையுங்க. கிணற்றுத் தண்ணீர் விடும்போது அடித்துளையால் வழியும்வரை விட்டால் சேர்ந்த உப்புக் கழுவுப்படும்.

சில்லிக்கொடியாறு

அடி கறுப்பதற்கு முட்டைக்கோது அரைத்துப் போட்டால் சரிவரும்தானே?

நிந்தவூர் ராத்தா

கோது கரைந்து வேருக்குப் போய்ச் சேருவதற்குள் அந்தப் போகமே முடிந்துவிடும் தம்பி. மண்ணில் சுண்ணச்சத்து இருந்தாலும் தண்ணீர் ஒரு நாள் நிறைய, மறுநாள் இல்லை என்றால் பழத்தின் நுனிக்கு அது போய்ச் சேராது. காலையும் மாலையும் அளவாக ஊற்றி, மேலே வைக்கோல் பரப்புங்க. வாளித் தக்காளிக்கு அடிக்கறுப்பு பெரும்பாலும் தண்ணீர்க் குறைதான்.

படுவான் வெள்ளாமை (கொக்கட்டிச்சோலைப் பக்கம்)

எல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. வாடல். இந்த அபூர்வ இனங்கள் எதுவும் நம்மட பக்டீரியா வாடலுக்கு என்று தெரிந்தெடுத்தவை இல்லை. குளிர்நாட்டில் ருசிக்காகத் தெரிந்தெடுத்தவை. விவசாயத் திணைக்களத்தின் திலின அந்த வாடலைத் தாங்கும் இனம். நான் இன்றைக்கும் திலினதான் நடுவேன், யார் எந்த நிறம் காட்டினாலும்.

பச்சையாக நின்ற செடி, இலை மஞ்சளாகாமலே, ஒரு மத்தியானத்தில் தொங்கினால் சந்தேகப்படுங்கள். அடித்தண்டை ஒரு சாண் வெட்டி, கண்ணாடிக் கிளாஸில் தெளிந்த தண்ணீரில் நுனி தொடும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல வெள்ளையாக ஒழுகி இறங்கினால் அது பக்டீரியா வாடல். அந்த வாளி மண்ணை வேறு எதற்கும் கொட்டக்கூடாது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் அதே நோய்தான்.

கறுப்புத் தக்காளி (அக்கரைப்பற்று)

ஐயாவோடு இதில் மட்டும் எனக்கு ஒத்துவராது. வயலுக்கு நீங்கள் சொல்வது சரி, அங்கே கிருமி மண்ணிலேயே குடியிருக்கிறது. மாடி வாளியில் தும்புத்தூளும் உமிக்கரியும்தான், தோட்டத்து மண் ஒரு பிடிகூடப் போடாவிட்டால் கிருமி எங்கிருந்து வரும்? வாளித் தோட்டக்காரனுக்குக் கிடைக்கும் சுதந்திரமே அதுதான். வாடல் தாங்காத, ஆனால் ருசியான இனத்தை அவன் வளர்க்கலாம், வயல்காரனால் முடியாது. இரண்டு பேரும் ஒரே விதையை நடவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே.

படுவான் வெள்ளாமை (கொக்கட்டிச்சோலைப் பக்கம்)

மழை நாளில் தரையிலிருந்து தெறிக்கும் சேறு, செருப்பு, வெட்டின கத்தி, கிணற்றுத் தண்ணீர். இப்படி வரும். ஆனாலும் மாடிக்கு ஆபத்துக் குறைவு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

வந்தாறுமூலைப் பெடியன்

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வழி இருக்கு. தாய்வானில் உள்ள உலக மரக்கறி மையம் வாடலும் வெள்ளமும் உள்ள இடங்களுக்குக் கத்தரி வேரில் தக்காளியை ஒட்டச் சொல்லிப் பல காலமாகப் பரிந்துரைக்கிறது. அதற்கென்றே தெரிந்தெடுத்த கத்தரி இனங்கள் உண்டு. கத்தரி வேர் தண்ணீர் தேங்கினாலும் தக்காளி வேரைவிட நேரம் தாங்கும். நம்மட மாரிக்கு அது பெரிய விஷயம். கீழே கத்தரி, மேலே டஸ்மேனியன் சொக்லட். குட்டை இனத்தின் தண்டு மொத்தமாக இருப்பதால் சாய்வாக வெட்டிப் பொருத்துவதும் எளிது. கத்தரி மெல்ல முளைக்கும் என்பதால் அதைச் சில நாள் முந்தியே விதைக்க வேண்டும். ஒட்டின கன்றை இருட்டான, ஈரமான இடத்தில் மூடி வைத்து, ஒரு கிழமைக்குப் பிறகு மெல்ல வெளிச்சத்துக்குக் கொண்டு வாங்க. நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். புதைத்தால் மேல் தண்டே வேர்விட்டு, செய்த வேலை வீணாகும்.

அத்தோடு விதை விஷயம். வாவிக்கரை அக்கா, சித்தியை உறையில் போட்டு அனுப்பச் சொல்லாதீங்க. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். கட்டுநாயக்கவிலுள்ள தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவைதான் அதைப் பார்க்கிறது. வெறும் காகித விளையாட்டு இல்லை. 2014, 2015 அளவில் இஸ்ரேலிலும் ஜோர்தானிலும் முதலில் தென்பட்ட ஒரு தக்காளி வைரஸ், பழத்தைப் பழுப்பாகச் சுருக்குவது, இன்றைக்குப் பல கண்டங்களில் பரவியிருக்கிறது. விதையோடு போகும், கை பட்டாலே ஒட்டும். அப்படி ஒன்று உங்கட மாடியிலிருந்து ஐயாவின் தோட்டத்துக்குப் போக வேண்டாமே.

வாவிக்கரை (கல்லடி)

விளங்குது தம்பி, சித்தியிடம் சொல்லிவிட்டேன். அப்போ நாட்டுக்குள் எப்படி எடுப்பது? ஒன்லைனில் "மைக்ரோ டொம்" என்று வாங்கினால் நம்பலாமா?

மருதமுனை மாடி

எனக்கு ஓர் ஒன்லைன் கடை அனுப்பின "மைக்ரோ டொம்" கூரைத் தகரத்தைத் தொட்டது. பெயரைச் சொல்லப் போவதில்லை, சண்டை வரும். படம் பார்த்து வாங்க வேண்டாம், காய்த்த செடியைக் கண்ணால் கண்ட ஆளிடம் வாங்குங்கள்.

கறுப்புத் தக்காளி (அக்கரைப்பற்று)

காக்கா சொன்ன ஏமாற்றத்தை நாற்றிலேயே பிடிக்கலாம். குட்டைத்தன்மை ஒடுங்கு இயல்பு, அதாவது தாய், தகப்பன் இரண்டு பக்கமும் வந்தால்தான் வெளியே தெரியும். இரண்டாவது நிஜ இலை வரும்போதே பாருங்கள்: கழுத்துக் கட்டை, இலை தடித்துச் சுருங்கி நீலம் கலந்த பச்சை. பக்கத்தில் மெலிந்து நெட்டையாக, வெளிர்பச்சையாக ஒன்று நின்றால் அது வேறு இனத்து மகரந்தம் கலந்தது. கூச்சப்படாமல் பிடுங்குங்கள். பெரிதாக வளர்த்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இப்படி நாற்றில் முகம் காட்டும் இனம் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இவ்வளவு வசதி இல்லை.

நான் விதை தருகிறேன், வட்ஸ்அப்பில் கேட்காதீங்க, இங்கேயே தனிச்செய்தி போடுங்க. இந்தக் குட்டை இனங்களில் பல திறந்த விதை உறுதிமொழியோடு வந்தவை. 2014இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அந்த ஏற்பாட்டின்படி யாரும் வளர்க்கலாம், பகிரலாம், வேறு இனத்தோடு கலப்புச் செய்யலாம், ஆனால் மற்றவரைத் தடுக்கக் கூடாது. விதை எடுக்க நினைக்கும் பூங்கொத்தை மட்டும் பரிசுப் பொருள் போடும் மெல்லிய வலைப்பையால் மூடிக் கட்டுங்க. தக்காளி தானாகவே கருக்கட்டும் பயிர்தான், ஆனால் சூட்டில் சூலகமுடி வெளியே நீட்டுகிறது என்று காக்கா சொன்னாரே, அந்த நேரம் தேனீ வேறு மகரந்தம் கொண்டுவரும்.

வந்தாறுமூலைப் பெடியன்

அப்படியானால் திலினவையும் ரொசெல்லாவையும் நாமே சேர்த்தால் என்ன? யாராவது முயன்றீர்களா?

கறுப்புத் தக்காளி (அக்கரைப்பற்று)

இதைத்தான் நான் கொஞ்ச நாளாக மனசில் வைத்திருக்கிறேன். முதல் தலைமுறை முழுக்க நெட்டையாகத்தான் வரும், பார்த்துச் சலிக்கக் கூடாது. அதன் விதையை விதைத்தால் நாலில் ஒரு பங்கு குட்டை. நெட்டையை எல்லாம் நாற்றுத்தட்டிலேயே கழித்துவிடலாம், அதனால் மாடியில் இடம் பிரச்சினையில்லை. குட்டையை மட்டும் வளர்த்து, ருசி பார்த்து, ஆறேழு தலைமுறை தெரிந்தெடுத்தால் இனம் நிலைக்கும். ருசியை மாடியில் பார்க்கலாம். ஆனால் வாடலைத் தாங்குகிறதா என்று பார்க்க நோயுள்ள நிலம் வேண்டும்.

படுவான் வெள்ளாமை (கொக்கட்டிச்சோலைப் பக்கம்)

நோயுள்ள நிலத்துக்கா பஞ்சம். என் கிணற்றடிப் பாத்தியில் திலின தவிர எதுவும் நின்றதில்லை. கன்றைக் கொண்டு வாருங்கள், அங்கே நட்டு விடுகிறேன். அதில் பிழைத்தது மீதி. கரடியனாற்று விவசாயப் பயிற்சி நிலையத்திலும் ஒருக்கால் கேட்டுப் பார்க்கலாம், மகரந்தக் கலப்புத் தெரிந்த ஆட்கள் இருந்தால் பூவைத் திறக்கிற விதத்தைக் காட்டித் தருவார்கள்.

மருதமுனை மாடி

ஐயா அபூர்வ இனத்துக்குப் பாத்தி தருகிறார், இதைச் சேமித்து வைக்க வேணும்! 😀

வாவிக்கரை (கல்லடி)

வாசிக்கவே சந்தோஷமாக இருக்கு. நான் முதலில் ரொசெல்லாவிலும் பெரில் பியூட்டியிலும் தொடங்குகிறேன், ஐப்பசிக் கடைசி என்று குறித்துவிட்டேன். கறுப்புத் தக்காளி அண்ணன், தனிச்செய்தி போட்டிருக்கிறேன். கடைசியாக இரண்டு கேள்வி. வெள்ளை ஈக்கு என்ன செய்வது? மற்றது, பெரில் பியூட்டி பழுத்தாலும் பச்சைதானாமே, பழுத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

நிந்தவூர் ராத்தா

வெள்ளை ஈ கடிப்பதைவிட அது கொண்டுவரும் இலைச்சுருள் வைரஸ்தான் கேடு. நாற்றுப் பருவத்தில் பழைய நுளம்புவலையால் மூடி வையுங்க, அந்த வயதில் தொற்றினால்தான் செடி முழுக்கப் போகும். பிறகு மஞ்சள் நிற பிளாஸ்டிக் தட்டில் எண்ணெய் பூசித் தொங்கவிடலாம். வேப்பெண்ணெயைச் சவர்க்காரத் தண்ணீரில் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைக்கு அடியில் அடிக்கணும், மேலே அடித்துப் பயனில்லை. நுனி சுருண்டு மஞ்சளான செடியைத் தயங்காமல் பிடுங்குங்க. ஒன்று கவனம்: குட்டை இனத்து இலை இயல்பாகவே சுருக்கமானது, அதை வைரஸ் என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீங்க. நோய் வந்தால் புதுத் துளிரின் ஓரம் மஞ்சளாகி மேல்நோக்கி மடியும், வளர்ச்சியும் நின்றுபோகும்.

கறுப்புத் தக்காளி (அக்கரைப்பற்று)

பெரில் பியூட்டிக்குக் கண்ணைவிட விரல் நல்லது. காம்புக்கு எதிர்ப்பக்கத்து நுனியை மெல்ல அமத்துங்கள், பழுத்திருந்தால் கொஞ்சம் இளகும். அந்த நுனியில் பச்சைக்குள் லேசான மஞ்சள் ஏறியிருக்கும், காலை வெயிலில் சரித்துப் பார்த்தால் தெரியும். சந்தேகமென்றால் பறித்து அடுப்படி மேசையில் இரண்டு நாள் வையுங்க. நிறம் மாறத் தொடங்கின எந்தத் தக்காளியையும் பறித்து உள்ளே பழுக்க வைக்கலாம், அணிலோடும் காகத்தோடும் சண்டை மிச்சம். தனிச்செய்தி பார்த்தேன். அடுத்த கிழமை கல்முனைக்கு வருவேன், அங்கிருந்து மட்டக்களப்பு பஸ்ஸில் தெரிந்த ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். உறையில் இனத்தின் பெயரோடு விதை எடுத்த ஆண்டும் எழுதியிருக்கும், அதை மட்டும் தொலைத்துவிடாதீங்க.